வாசலில் ஒரு அட்டைப்பெட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கிறேன். ஆராய்ச்சி உதவித்தொகை வீட்டு வாடகைக்கே போய்விடுகிறது. எங்கள் வகுப்பு வாசலில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். மாணவர்கள் போனை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மீறினால் பறிமுதல். பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் வேலை செய்யும் ஒரு அம்மா, அரைநாள் கூலியை இழந்து வந்து அலுவலக வாசலில் கைகட்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அதே கல்லூரியில், சென்ற ஆண்டு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்தது. உதவித்தொகைக்கு இன்னும் விண்ணப்பிக்காத எஸ்சி, எஸ்டி மாணவர்களின் பட்டியல். பெயர், உட்சாதி, ஆதார் எண் எல்லாம் வரிசையாக இருந்தன. அலுவலகம் சொல்ல, வகுப்புத் தலைவன் போட்டிருக்கிறான். நண்பர்களிடம் தன் சாதியைச் சொல்லாமலே இருந்த ஒரு பையன் அடுத்த ஒரு வாரம் கல்லூரிக்கே வரவில்லை. போன் வகுப்புக்குள் வரக் கூடாதாம், சாதிப் பட்டியல் மட்டும் போன் வழியாக வரலாமாம்!

விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பெரும்பாலானவர்கள் ஜெராக்ஸ் கடையில்தான் விண்ணப்பிக்கிறார்கள். சாதிச் சான்றிதழ், இரண்டரை லட்சத்துக்குள் வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் கடைக்காரர் கையில். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர் உருவாக்கியவை. சிலருக்கு ஓடிபிகூட அவர் எண்ணுக்கே போகிறது. அடுத்த ஆண்டு புதுப்பிக்க மறுபடி அவரிடமே போய்ப் பணம் கட்ட வேண்டும். நாளெல்லாம் ரீல்ஸ் பார்க்கும் தலைமுறைதான் இது. ரீல்ஸ் பார்க்கத் தெரிந்த கைக்கு விண்ணப்பம் போட யாரும் சொல்லித்தரவில்லை.

துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை பெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு எல்லோரையும் போனை எடுக்கச் சொன்னேன். நாற்பத்தெட்டுப் பேரில் ஆறு பேருக்குச் சொந்தப் போன் இல்லை. அதில் ஐந்து பேர் பெண்கள். "அண்ணன் போன்தான் சார், கேட்டா யார்கூடப் பேசப் போறேன்னு கேப்பான்" என்றார் ஒருவர். இது அவர் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எப்போதாவது இணையம் பயன்படுத்திய ஆண்கள் 57 விழுக்காடு, பெண்கள் 33 விழுக்காடு.

போன் கெடுக்கும் என்பவர்கள் யாருடைய போனைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும், தோழர்களே. 2019 ஜூலையில் குஜராத்தின் பனஸ்கந்தாவில் தாக்கோர் சாதியினர் கூடி, மணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கத் தடை போட்டார்கள். அதே கூட்டத்தில்தான் சாதி மாறித் திருமணம் செய்யும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அபராதமும் விதித்தார்கள். இரண்டு தீர்மானத்துக்கும் காரணம் ஒன்றுதான். அந்த ஆண்டு செப்டம்பரில், விடுதியில் மாலை ஆறு முதல் பத்து வரை போனை ஒப்படைக்க மறுத்து வெளியேற்றப்பட்ட கோழிக்கோடு மாணவி ஃபஹீமா ஷிரின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. நம் கல்லூரிகள் எந்தப் பக்கம் நிற்கின்றன?

போன் இல்லாத ஆறு பேருக்காக ஆய்வகச் சாவியைக் கேட்டு வாங்கினேன். வாங்குவதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிட்டது. சிலருக்கு டேட்டா காலையிலேயே தீர்ந்திருந்தது. "உன் போனைக் கொண்டு வா" என்று சொல்லிவிட்டு நிர்வாகம் நழுவினால், இல்லாதவர் மறுபடியும் வெளியேதான் நிற்பார். வைஃபையும் திறந்த ஆய்வகமும் கல்லூரியின் கடமை. 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டம் கொரோனாவுக்குப் பின் நின்றுபோனது. 2025-26 பட்ஜெட்டில்தான் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவி தருவதாக அறிவித்தார்கள். இடையில் படித்து முடித்தவர்கள் இந்தப் போன்களோடுதான் காலம் தள்ளினார்கள்.

அன்று எல்லோரும் சொந்தமாக மின்னஞ்சல் தொடங்கினார்கள். கடைக்காரர் வைத்த கடவுச்சொல்லை மாற்றினார்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைப் பதிவிறக்கினார்கள். பிறகு, நான் சொல்லாமலே, குரல் தட்டச்சில் தமிழில் ஒரு மனு எழுதினார்கள்: உதவித்தொகைப் பட்டியலைக் குழுவில் போடாதீர்கள், தனித்தனியே சொல்லுங்கள். எழுதியவர்களில் எஸ்சி அல்லாத மாணவர்களும் இருந்தார்கள். வராமல் இருந்த அந்தப் பையன்தான் எழுத்துப் பிழை திருத்தினான்.

இனிப் போட மாட்டோம் என்று அலுவலகம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. சுற்றறிக்கை இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை போனபோது பெட்டி பழைய இடத்திலேயே இருந்தது.