காளிதாசனின் படை

ஆர்தர் சி. கிளார்க் 1979இல் வெளியிட்ட 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவல் என்றதும், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என் மனதை விட்டுப் போகாதது அதில் வரும் ஒரு படை. காளிதாசன் என்ற மன்னனின் படை.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், நம் தீவைத்தான் தப்ரபேன் என்ற பெயரில் நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி எழுதினார். நாவலின் யக்ககல நம் சீகிரியா. ஸ்ரீகந்த நம் சிவனொளிபாதமலை. காளிதாசனுக்குப் பின்னால் நிற்பவன் முதலாம் காசியப்பன். கி.பி. 495 அளவில், இந்தியாவிலிருந்து படை திரட்டி வந்த தம்பி முகலனோடு அவன் போரிட்டான். சேற்று நிலத்தைக் கண்டு அவனுடைய யானை திரும்ப, மன்னர் பின்வாங்குகிறார் என்றெண்ணிப் படை கலைந்தது. காசியப்பன் தன் கழுத்தை அறுத்துக்கொண்டான் என்கிறது சூளவம்சம். யானை திரும்பியதுகூடப் பதிவாகியிருக்கிறது. கலைந்தோடிய வீரர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

கிளார்க் அவர்களைத் தேடிப் போனார். ஆண்டுதோறும் சிவனொளிபாதமலைப் பக்கம் திரளாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளை நாம் அறிவோம். நாவலில் அவை காளிதாசனின் மாண்ட வீரர்கள். அவை என்றைக்கு உச்சியை அடைகின்றனவோ, அன்று அங்கே வாழும் பிக்குகள் மலையை விட்டு இறங்க வேண்டும் என்பது அங்கே வழங்கும் ஐதீகம். நூற்றாண்டுகளாக வழியிலேயே மடிந்த அவற்றை ஒருநாள் புயல் உச்சியில் சேர்க்கிறது. பிக்குகள் இறங்குகிறார்கள், மின்தூக்கி கட்ட வந்த பொறியியலாளர் மோர்கனுக்கு மலை கிடைக்கிறது.

அழகான கற்பனைதான். ஆனாலும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. செத்த பிறகும் அவர்கள் மன்னனின் சண்டையையே போடுகிறார்கள். வென்ற பலனும் வேறொருவருக்குப் போகிறது.

பிலிமத்தலாவையில் வாழும் எனக்கு இது தொலைதூரக் கதையல்ல. அருகிலுள்ள தந்துரேயில் 1594இல் பேத்ரோ லோப்பஸ் டி சோசாவின் போர்த்துக்கேயப் படை அழிந்தது. அதற்குச் சற்று முன்னர் அந்தப் படையின் உள்நாட்டு வீரர்களான லஸ்கரீன்கள் பெருந்திரளாக அதை விட்டுப் போயிருந்தார்கள். தளபதியின் பெயரும் வென்ற கொனப்பு பண்டாரவின் பெயரும் பாடநூலில் இருக்கின்றன. இரு பக்கமும் நின்ற விவசாயியின் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. 2009இல் முடிந்த போருக்குப் பிறகும், திரும்பி வராத பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மார் இந்த நாட்டில் தமிழிலும் சிங்களத்திலும் அழுகிறார்கள்.

அறிவியல் புனைகதை எழுத வரும் நம் இளையோரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் படைகளுக்கு விண்கலமும் கொடியும் ஆயுதமும் கொடுங்கள். கூடவே ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பெயரையும், வீட்டுக்குத் திரும்பும் ஒரு வழியையும் எழுதுங்கள். அரசர்களின் கதையை எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. எதிர்காலத்தை எழுதும் உங்களுக்கு அது கடமை.