கடவுச்சொல் கசியவில்லையே என்பவர்களுக்கு

“இந்தப் பயனர் பெயர் இல்லை” என்று உள்நுழைவுத் திரை சொல்வது குறையே அல்ல, கடவுச்சொல் போனால்தான் ஆபத்து என்றொரு வாதம் மென்பொருள் வட்டாரத்தில் சாகாமல் சுற்றுகிறது. அது தவறு.

சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 2018இல் வெளிப்பட்ட சிவிஇ-2018-15473 என்ற குறைபாடு இதற்கு நேர் சாட்சி. வேண்டுமென்றே சிதைத்த தரவுப் பொதி ஒன்றை அனுப்பினால், இல்லாத பயனருக்கு சர்வர் ‘தோல்வி’ என்று பதில் தரும்; இருக்கும் பயனருக்கோ பேசாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த மௌனமே ஆளைக் காட்டிக்கொடுத்தது.

பெயர் உறுதியானபின் மிச்சம் ஊகம்தான். கடவுச்சொல்லை மீட்க வரும் ஆறு இலக்க எண்ணை யார் ஊகிப்பது என்பார்கள். 2019இல் சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா, இன்ஸ்டாகிராமின் கடவுச்சொல் மீட்பு எண்ணுக்கு 1,000 ஐபி முகவரிகளிலிருந்து 2 லட்சம் முயற்சிகளைத் தடையின்றி அனுப்பிக் காட்டினார். இருக்கக்கூடிய எண்களே மொத்தம் 10 லட்சம்தான். இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் அவருக்கு 30,000 டாலர் பரிசளித்தது.

ராஜபாளையம் பக்கத்து ஆலங்குளம் போன்ற ஊரில் செல்போன் எண்தான் பயனர் பெயர். அது ரீசார்ஜ் கடை நோட்டிலேயே கிடக்கும். கடன் செயலி ஒன்றில் அதைத் தட்டியதும் ‘கணக்கு இல்லை’ என்று வராமல் ‘ஓடிபி அனுப்பப்பட்டது’ என்று வந்தால், யார் கடனுக்கு அலைகிறார் என்பது கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். இதற்குக் கடவுச்சொல் எதற்கு?

இப்படிப்பட்ட கசிவை அடைப்பது பெரிய வேலையும் அல்ல. ஓப்பன்எஸ்எஸ்எச் செய்த திருத்தம் சிறியது: பொதியை முழுக்கப் படித்த பிறகே பயனர் இல்லை என்று விலகுவது. 2018 ஆகஸ்டில் 7.8 பதிப்போடு அது வெளிவந்தது.