வாரிசில்லாத வீட்டின் கதிரைகள்



பிள்ளைகள் இல்லாத வீட்டின் சாமான்கள் யாருக்குச் சேரும்? ஒரு சமூகமே அப்படியிருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஷேக்கர் சபையினரைப் பற்றி வாசித்தபோது எனக்கு எழுந்த கேள்வி இது.

1774இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற ஆன் லீ என்ற பெண்மணியைத் தாயாக மதித்த கிறிஸ்தவ சபை இது. இவர்கள் திருமணம் செய்வதில்லை. சொத்து எல்லோருக்கும் பொது. நிர்வாகத்தில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம இடம். இவர்கள் செய்த கதிரைகளிலும் மரப்பெட்டிகளிலும் அலங்காரம் இல்லை; உறுதியும் நேர்த்தியும் உண்டு. ஆயிரக்கணக்கில் இருந்த சபையினர் காலப்போக்கில் குறைந்தனர். கிராமங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியில் எஞ்சியவர்களில் பெரும்பாலானோர் வயோதிபப் பெண்கள். வருமானம் குறைந்ததால் பொருட்களை விற்கவும் நேர்ந்தது.

அப்போது கைகொடுத்தவர்கள் தனிப்பட்ட சேகரிப்பாளர்களே. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கிளாரா எண்டிகொட் சியர்ஸ் என்ற பெண்மணி, மூடப்பட்ட ஹார்வர்ட் ஷேக்கர் கிராமத்தின் கட்டடமொன்றையே பெயர்த்துவந்து தமது காணியில் நிறுத்தினார். 1922இல் அதுவே முதலாவது ஷேக்கர் நூதனசாலையாயிற்று. அதே மாநிலத்தின் ஹான்கொக் கிராமத்தில் 1923இல் பாண் வாங்கப் போனவர்கள் ஃபெய்த், எட்வர்ட் அன்ட்ரூஸ் தம்பதியர். அங்குள்ள தளபாடங்களில் மனதைப் பறிகொடுத்து, அன்றுமுதல் சேகரிக்கத் தொடங்கினர். முதிய சகோதரிகளிடம் கேட்டறிந்து நூல்களும் எழுதினர். 1960இல் அக்கிராமம் கைவிடப்பட்டபோது, ஏமி பெஸ் மில்லர் என்ற பெண்மணியின் முன்முயற்சியால் ஊரவர் அதை வாங்கி நூதனசாலையாக்கினர். அன்ட்ரூஸ் தம்பதியரின் சேகரிப்பில் பெரும்பகுதி அங்கு சேர்ந்தது. நியூயோர்க் மாநிலத்தில் ஜோன் வில்லியம்ஸ் தமது சேகரிப்பைக் கொண்டு 1950இல் இன்னொரு நூதனசாலையைத் தொடங்கினார்.

சேகரிப்பாளர் நினைத்திருந்தால் அனைத்தையும் தம் வரவேற்பறையில் பூட்டி வைத்திருக்கலாம். நல்ல விலைக்கும் விற்றிருக்கலாம். அப்படிப் போன பொருட்களும் பல. யார் செய்தது, யார் பாவித்தது என்ற விபரம் தொலைந்துவிட்டால், கதிரை மிஞ்சினாலும் அதில் இருந்து வேலைசெய்த பெண் மறைந்துபோகிறாள்.

வயோதிபர் இல்லங்களுக்கு அடிக்கடி போய்வருபவள் என்பதால் இது என்னை உறுத்துகிறது. அங்குள்ள அம்மாமாரின் பழைய பெட்டியையோ தையல் வேலையையோ அழகென்று பாராட்டுகிறோம். அதன் கதையை யார் கேட்கிறோம்? வயதானவரிடமிருந்து ஒரு பொருளை வாங்கும்போது நியாயமான விலையைக் கொடுங்கள். அவருடைய பெயரையும், அதன் கதையையும் ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வையுங்கள். நாளை அது எந்தக் கைக்குப் போனாலும் அந்தத் தாளும் கூடவே போகட்டும்.