சோழவரத்து ஓடுதளம்



சோழவரம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஏரி ஞாபகம் வரும். ஐம்பதைக் கடந்தவர்களுக்கு மோட்டார் பந்தயமும் சேர்ந்தே வரும். அந்தப் பந்தயம் நடந்த தளம் இரண்டாம் உலகப் போருக்காகப் போடப்பட்ட விமான ஓடுதளம் என்பது இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று வரிசையாக ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்தது நாம்தான் என்று சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்குக் கிளம்பியது. அந்தக் காலத்தின் தேவைக்காகத்தான் சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று தமிழகத்தின் பொட்டல்களில் ஓடுதளங்கள் எழுந்தன. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிப் போனது. அதற்குமேல் பெரிய தாக்குதல் எதுவும் வரவில்லை.

போர் முடிந்தது. அகலமான, நேரான, உறுதியான தளம் சும்மா கிடந்தது. வேகத்தை விரும்புகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் போர் விமானத்தளம் 1948-லேயே பந்தயக் களமாகிவிட்டது. இங்கே, 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்துக்கு உயிர் கொடுத்தது. கோவையின் கரிவரதன் போன்றவர்கள் இங்கே சீறிப் பாய்ந்தார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் அமைந்த பிறகு சோழவரத்தில் சத்தம் அடங்கியது.

பயத்தில் பிறந்த ஓர் இடத்தை நம் மக்கள் திருவிழாக் களமாக்கினார்கள். எனக்கு அதில் பெரும் மகிழ்ச்சி. ஆனால் ஒரு கவலையும் உண்டு. ஜெயித்தவர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் இருக்கின்றன; ராணுவக் கோப்புகளில் உத்தரவுகள் இருக்கும். கல் சுமந்தவர்கள், நிலம் கொடுத்தவர்கள், விமானச் சத்தம் கேட்டு வீட்டுக்குள் ஓடிய பிள்ளைகள் எதிலே இருக்கிறார்கள்? 1942-ல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரருகே இப்படியொரு ஓடுதளம் இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். கூலி என்ன கொடுத்தார்கள், யார் நிலம் போனது, போருக்குப் பின் அங்கே என்ன நடந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். பிழை திருத்தும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்