விக் பொய்… வீடு நிஜம்! ‘தி அமெரிக்கன்ஸ்’ உளவுத் தொடர் எவ்வளவு உண்மை?

உளவாளிக் கதை எதைப் பார்த்தாலும் பாதியில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: ‘இதெல்லாம் நிஜத்துல நடக்குமா, இல்ல சும்மா அடிச்சு விடுறாங்களா?’ பெரும்பாலான தொடர்களுக்குப் பதில் சுலபம். துப்பாக்கி, துரத்தல், கடைசி நொடியில் செயலிழக்கும் வெடிகுண்டு... சந்தேகமே வேண்டாம், ரீல்தான். ஆனால், 2013 ஜனவரி முதல் 2018 மே வரை அமெரிக்காவின் எஃப்எக்ஸ் சேனலில் ஆறு சீசன்களாக ஓடிய ‘தி அமெரிக்கன்ஸ்’ அப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிடக்கூடிய தொடர் அல்ல. அதில் நம்பவே முடியாததாகத் தெரிகிற சில விஷயங்கள் நிஜத்தில் நடந்தவை. ரொம்ப இயல்பாகத் தெரிகிற சில விஷயங்கள்தான் கலப்படமில்லாத கற்பனை.

(இன்னும் பார்க்காதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கிளைமாக்ஸ் உட்பட எல்லாமே கீழே வருகிறது.)

கதை என்ன?

1981. ரொனால்ட் ரீகன் அதிபராகிச் சில வாரங்களே ஆகின்றன. வாஷிங்டனை ஒட்டிய புறநகர் ஒன்றில் பிலிப், எலிசபெத் ஜென்னிங்ஸ் தம்பதி வசிக்கிறார்கள். ட்ராவல் ஏஜென்சி நடத்துகிறார்கள். பெய்ஜ், ஹென்றி என்று இரண்டு பிள்ளைகள். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர்.

உண்மையில் இருவரும் சோவியத் உளவு அமைப்பான கேஜிபி அனுப்பிவைத்தவர்கள். பெயர் பொய், கல்யாணம் மேலிடத்து உத்தரவு. பெற்ற பிள்ளைகளுக்குக்கூட விஷயம் தெரியாது. வீட்டுக்குள் ஒரு வார்த்தை ரஷ்ய மொழி பேசக் கூடாது. இந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்குக் குடிவருகிறார் ஸ்டான் பீமன். அவர் வேலை, சோவியத் உளவாளிகளைப் பிடிக்கும் எஃப்பிஐ பிரிவில்!

அடுத்த ஆறு சீசன்களும் இந்த முடிச்சில்தான் ஓடுகின்றன. பிலிப்புக்கு அமெரிக்க வாழ்க்கை பிடித்துப்போகிறது. எலிசபெத்துக்குக் கொள்கையில் பிடிப்பு தளரவே இல்லை. மூன்றாவது சீசனில் மகள் பெய்ஜ் நேருக்கு நேர் கேட்க, பெற்றோர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை.

எழுதியவரே முன்னாள் சிஐஏ!

தொடரை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வில் வேலை பார்த்தவர். அங்கே வேலை பார்த்தவர்கள் பிற்காலத்தில் எழுதுவதைப் பிரசுரத்துக்கு முன் அந்த அமைப்பிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வைஸ்பெர்க்கின் திரைக்கதைகளும் அந்த வழியாகவே வந்தன. ‘சிஐஏ பார்த்து அனுப்பியதென்றால் எல்லாம் உண்மைதானே?’ என்று கேட்டால், இல்லை. ரகசியம் கசியவில்லை என்பதற்கு மட்டுமே அந்த முத்திரை உத்தரவாதம்.

கதைக்கான விதை வேறொரு இடத்திலிருந்து வந்தது. 2010 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் பல ஊர்களில் ஒரே நாளில் பத்துப் பேரை எஃப்பிஐ கைது செய்தது. பல ஆண்டுகளாகச் சாதாரணக் குடும்பஸ்தர்களாக வாழ்ந்துவந்த ரஷ்ய உளவாளிகள் அவர்கள். தூதரகப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல், வேறு நாட்டவராக நடித்து வாழும் இத்தகையவர்களுக்கு உளவு வட்டாரத்தில் ‘இல்லீகல்ஸ்’ என்று பெயர்.

அவர்களில் ஒரு தம்பதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் டொனால்ட் ஹீத்ஃபீல்ட், ட்ரேசி ஃபோலி என்ற பெயர்களில் இருந்தவர்கள். குழந்தையிலேயே இறந்துபோன கனடாக்காரர்களின் அடையாளங்கள் அவை. நிஜப் பெயர்கள் ஆந்த்ரே பெஸ்ருகோவ், எலெனா வாவிலோவா. தொடரில் வருவதுபோல இவர்களை மேலிடம் ஜோடி சேர்க்கவில்லை. சைபீரியாவின் டோம்ஸ்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே பழக்கம். மற்றபடி பொய்ப் பெயர், இரண்டு பிள்ளைகள், வீட்டில் தாய்மொழிக்குத் தடை என்று ஜென்னிங்ஸ் குடும்பத்தோடு நிறையவே ஒத்துப்போகிறது.

எஃப்பிஐ பக்கத்துவீட்டுக்காரர்: ஓவரா இல்லையா?

தொடரில் பலருக்கும் உறுத்துகிற இடம் இதுதான். அவ்வளவு பெரிய அமெரிக்காவில் உளவாளியைத் தேடும் அதிகாரிக்கு உளவாளியின் எதிர்வீடுதான் கிடைத்ததா?

ஜாக் பார்ஸ்கியின் கதை தெரிந்தால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கத் தோன்றும். கிழக்கு ஜெர்மனியில் பிறந்த ஆல்பிரெக்ட் டிட்ரிக் என்பவர் 1978-ல் கேஜிபி ஆளாக அமெரிக்கா வந்தார். சின்ன வயதில் இறந்துபோன ஓர் அமெரிக்கச் சிறுவனின் பெயரில் வாழ்ந்தார். 1988-ல் ‘உடனே திரும்பி வா’ என்று உத்தரவு வந்தது. அதற்குள் அங்கே அவருக்கு ஒரு பெண் குழந்தை. அவர் போகவில்லை, தனக்கு எய்ட்ஸ் வந்துவிட்டதாகப் பொய் சொல்லி கேஜிபி-யைக் கழற்றிவிட்டார்.

பிற்பாடு தகவல் கிடைத்த எஃப்பிஐ என்ன செய்தது தெரியுமா? பென்சில்வேனியாவில் அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டை விலைக்கே வாங்கி, தன் ஆளைக் குடிவைத்துக் கண்காணித்தது! அவர் வீட்டுச் சமையலறையில் ஒட்டுக்கேட்கும் கருவியும் வைக்கப்பட்டது. மனைவியுடன் நடந்த சண்டையில் ‘நான் கேஜிபி ஆளாக இருந்தவன்’ என்று அவர் வாய்விட்டது அப்படித்தான் பதிவானது. 1997-ல் எஃப்பிஐ அவரை மடக்கியது.

ஆக, எஃப்பிஐ பக்கத்தில் குடிவருவது நடக்கக்கூடியதுதான். அது தற்செயலாக நடப்பதுதான் ரீல்.

மார்த்தாவின் கல்யாணம்

எஃப்பிஐ அலுவலகத்தில் செயலாளராக இருக்கும் மார்த்தாவை, ‘கிளார்க்’ என்ற பொய்ப் பெயரில் விக் வைத்துக்கொண்டு காதலித்துக் கல்யாணமே செய்துகொள்கிறார் பிலிப். ‘கட்டின புருஷன் தலையில இருக்கிறது சொந்த முடியான்னுகூடவா தெரியாது?’ என்று கேட்கத் தோன்றும். விக் விஷயத்தில் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் கல்யாணம் கற்பனை இல்லை.

பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரில், அரசு அலுவலகங்களில் தனியாக வாழ்ந்த பெண் செயலாளர்களைக் குறிவைத்து ஆண் உளவாளிகளைக் கிழக்கு ஜெர்மனி அனுப்பியது. மார்க்குஸ் வோல்ஃப் தலைமையிலான உளவுப் பிரிவுக்கு இது வாடிக்கையான உத்தி. இவர்களுக்கு ‘ரோமியோ’ உளவாளிகள் என்றே பெயர் வந்தது. கேஜிபி-யும் இதைச் செய்தது. பான் வெளியுறவு அமைச்சகத்தில் வேலை பார்த்த லியோனோர் சூட்டர்லின் என்ற பெண்ணின் கணவர் கேஜிபி ஆள். 1967-ல் இருவரும் கைதான பிறகுதான், அவர் தன்னைக் கட்டிக்கொண்டதே உத்தரவின் பேரில் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவந்தது. அவர் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

தொடரில் மார்த்தா மாஸ்கோவுக்குக் கடத்திச் செல்லப்படுகிறார். மொழி தெரியாத ஊரில் தனியாகக் காய்கறி வாங்குகிறார். அந்தக் காட்சியில் பின்னணி இசையோ பெரிய வசனமோ தேவைப்படாததற்குக் காரணம், அப்படி ஏமாற்றப்பட்டவர்கள் நிஜமாகவே இருந்தார்கள் என்பதுதான்.

அப்போ எங்கேதான் ரீல்?

முதலாவது, கொலைகள். சீசனுக்குச் சீசன் பிணம் விழுகிறது. நிஜத்தில் ஒரு ‘இல்லீகல்’ உருவாகப் பல ஆண்டுப் பயிற்சியும் ஏகப்பட்ட செலவும் ஆகும். அப்படிப்பட்ட ஆளை ராத்திரி ராத்திரி அடிதடிக்கு அனுப்பி எந்த அமைப்பும் ரிஸ்க் எடுக்காது. ஒருமுறை கைரேகை சிக்கினாலே மொத்த முதலீடும் போச்சு. 2010-ல் பிடிபட்டவர்கள் மீது கொலை வழக்கு இல்லை. உளவுக் குற்றச்சாட்டுகூட இல்லை. பதிவு செய்யாமல் அந்நிய அரசுக்காக வேலை செய்யச் சதி செய்ததாகவே வழக்கு. அந்த ஆவணங்களில் இருந்த ஒரு விவகாரம் என்ன தெரியுமா? நியூஜெர்சியில் இருந்த ஒரு ஜோடிக்கும் மாஸ்கோ தலைமைக்கும் இடையே, ‘வீடு யார் பெயரில் இருக்கணும்’ என்று நடந்த இழுபறி!

இரண்டாவது, சாதனைகள். பிலிப்பும் எலிசபெத்தும் வாராவாரம் ஏதாவதொரு பெரிய ரகசியத்தை அள்ளி வருகிறார்கள். வரலாற்றில் அமெரிக்காவுக்கு ஆன பெரிய சேதங்கள் இப்படி வரவில்லை. கடற்படையின் ரகசியக் குறியீடுகளைப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் விற்ற ஜான் வாக்கர், சோவியத் தூதரகத்துக்குத் தானாக நடந்து போனவர். 1985-ல் சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸும் அப்படியே. எஃப்பிஐ-க்குள்ளேயே இருந்து காட்டிக்கொடுத்த ராபர்ட் ஹான்சனும் தானாகத் தொடர்புகொண்டவர்தான். விக் வேண்டாம், வேஷம் வேண்டாம். அதிருப்தியும் பண ஆசையும் உள்ள ஒரு சொந்த ஊழியர் போதும்.

2010 கும்பல் பிடிபட்டதும் இதே ரகம்தான். ரஷ்ய உளவுத் துறைக்குள் இருந்த ஓர் அதிகாரி அவர்களைக் காட்டிக்கொடுத்தார். எஃப்பிஐ பல ஆண்டுகள் பின்தொடர்ந்துவிட்டுத்தான் கைவைத்தது. ‘யாருக்கும் தெரியாது’ என்று அவர்கள் நினைத்து வாழ்ந்த வாழ்க்கையின் பெரும்பகுதியை யாரோ பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

அந்த கார் பார்க்கிங் காட்சி

கடைசி எபிசோடில் பிலிப், எலிசபெத், பெய்ஜ் மூவரையும் ஸ்டான் துப்பாக்கி முனையில் நிறுத்துகிறார். நீண்ட உரையாடலுக்குப் பிறகு வழிவிட்டு விலகி நிற்கிறார். ‘எந்த எஃப்பிஐ அதிகாரிய்யா இப்படி விடுவான்?’ என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. தனி ஓர் அதிகாரி விடமாட்டார்தான். ஆனால் நிஜத்தில் விட்டது யார் தெரியுமா? அரசாங்கமே! 2010 ஜூன் 27-ல் கைதான பத்துப் பேரும் ஜூலை 9-ம் தேதி வியன்னா விமான நிலையத்தில், ரஷ்யச் சிறைகளில் இருந்த நான்கு பேருக்குப் பதிலாகக் கைமாற்றப்பட்டார்கள். மொத்தம் பன்னிரண்டே நாள்.

பில் கட்டுவது யார்?

தப்பிப்போகும் வழியில், எல்லைக்கு முன் ரயிலிலிருந்து பெய்ஜ் சொல்லாமல் இறங்கிவிடுகிறாள். உறைவிடப் பள்ளியில் இருக்கும் ஹென்றியிடம் போனில் நாலு வார்த்தை பேசுகிறார்கள். அது கடைசிப் பேச்சு என்று அவனுக்குத் தெரியாது. ‘பெத்த பிள்ளைகளை இப்படியா விட்டுட்டுப் போவாங்க’ என்று தோன்றும். நிஜம் இதைவிடக் கொடுமை.

கேம்பிரிட்ஜ் தம்பதி கைதானபோது மூத்த மகனுக்கு 20, இளையவருக்கு 16 வயது. கைது நடந்தது மூத்தவரின் பிறந்தநாளன்று. தங்களுக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இருவரும் சொன்னது. மொழியே தெரியாத ரஷ்யாவில் போய் இறங்கினார்கள். பிறந்த நாடான கனடா குடியுரிமையை ரத்து செய்தது. இளைய மகனின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 டிசம்பரில்தான் அது அவருக்கு உறுதியானது. செய்யாத தப்புக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்!

இது பழைய கதையும் அல்ல. அர்ஜென்டினாக்காரர்களாக நடித்து ஸ்லோவேனியாவில் வாழ்ந்த ரஷ்யத் தம்பதி 2022 டிசம்பரில் கைதானார்கள். 2024 ஆகஸ்ட் 1-ல் நடந்த கைதிகள் பரிமாற்றத்தில் இரண்டு பிள்ளைகளுடன் மாஸ்கோ அனுப்பப்பட்டார்கள். தாங்கள் ரஷ்யர்கள் என்பதே அந்தப் பிள்ளைகளுக்கு விமானத்தில்தான் தெரியவந்தது என்று சொன்னது ரஷ்ய அதிபர் மாளிகையின் செய்தித் தொடர்பாளர் திமித்ரி பெஸ்கோவ். வரவேற்க வந்த அதிபர் புதின் யார் என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் ஸ்பானிஷ் மொழியில் வணக்கம் சொன்னார்.

தீர்ப்பு?

உளவுத் தொழில்நுட்பத்துக்கு மார்க் போட்டால் ‘தி அமெரிக்கன்ஸ்’ பாதியைத்தான் தாண்டும். சண்டைக்கும் கொலைக்கும் அதுகூடக் கிடைக்காது. அந்தக் கொலைகளில் செத்த அப்பாவிகளை அடுத்த எபிசோடிலேயே தொடர் மறந்துவிடுவதும் ஒரு குறைதான்.

ஆனால் ஓர் உளவுக் கதை நிஜமா என்று சோதிக்க, விக் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது சரியான வழி அல்ல. அந்தப் பொய்யின் விலையை யார் தலையில் கட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான கதைகளில் அதை வில்லன் கொடுப்பான். நிஜத்தில் கொடுப்பது மார்த்தாக்களும் பிள்ளைகளும். உத்தரவு போட்டவர்கள் பதக்கத்தோடு ஓய்வுபெறுவார்கள், பிடிபட்டவர்களைப் பரிமாறிக்கொள்ள இரண்டு அரசுகளும் பேசி முடித்துக்கொள்ளும். ஆனால் ‘என் பெயர் என்ன, நான் எந்த ஊர்?’ என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல எந்த ஒப்பந்தத்திலும் இடம் கிடையாது. ‘தி அமெரிக்கன்ஸ்’ அந்தக் கேள்வியை ஆறு சீசன்களும் மழுப்பாமல் கேட்டது. அந்த ஒரு பாடத்தில் அதற்கு நூற்றுக்கு நூறு தரலாம்.