கோடு போட்டால் பாதையாகுமா?

"பிரிட்டனிலே நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் சைக்கிளுக்கென்று பாதை போட்டிருக்கிறார்களாமே, மெய்தானா தோழர்?" என்று மில் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர். ஹாண்டில் பாரில் காலித் தூக்குச்சட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மெய்தான் என்றோம். உடனே அடுத்த கேள்வி வந்தது: "அந்தப் பாதை மில்லுக்குப் போகுமா?"

சரியான கேள்வி. மந்திரிகளும் நிபுணர்களும் கேட்க மறந்த கேள்வி. நாமும் பத்திரிகைக் கட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக மிதித்தவர்கள்தான் என்பதால், விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

பிரிட்டனில் இருப்பதற்குத் தேசிய சைக்கிள் பாதை வலை என்று பெயர். நீலப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் படம் போட்டு, பக்கத்தில் எண் எழுதியிருப்பார்கள். எண் சிவப்புக் கட்டத்தில் இருந்தால் அது தேசியப் பாதை. நீலக் கட்டத்தில் இருந்தால் வட்டாரப் பாதை. 1ஆம் எண் பாதை தெற்கே டோவர் துறைமுகத்தில் தொடங்கி, கீழைப் பக்கமாக ஏறி, வடகோடியிலுள்ள ஷெட்லாண்டு தீவுகள் வரை போகிறது. இவற்றுக்குக் கீழே, ஊருக்குள் வீட்டையும் வேலையையும் பள்ளிக்கூடத்தையும் இணைக்கும் உள்ளூர்ப் பாதைகள். அவை அந்தந்த ஊர் நிர்வாகத்தின் பொறுப்பு. 2018இல் தேசிய வலையின் நீளம் சுமார் 16,500 மைல் என்று கணக்குக் காட்டினார்கள். கேட்பதற்குப் பிரமாதமாயிருக்கிறது. ஆனால் அதில் மோட்டார் வண்டியே வராத பாதை மூன்றில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் சாலை. அமைதியான கிராமத்துச் சாலையும் அதில் உண்டு, லாரி உறுமிக்கொண்டு போகும் சாலையும் உண்டு.

இந்த வலை எப்படி வந்தது என்பது இன்னும் சுவையான கதை.

பிரிட்டிஷ் தொழிலாளிக்குச் சைக்கிளை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. 1894லேயே பர்மிங்காம் நகரில் சோஷலிஸ்டுத் தொழிலாளர்கள் 'கிளாரியன்' பத்திரிகையின் பெயரால் சைக்கிள் சங்கம் அமைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டுப் பிரசுரங்களோடு கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். 1949இல் அந்நாட்டு மக்கள் சைக்கிளில் சென்ற தூரம் சுமார் 1,500 கோடி மைல்! 1970களின் தொடக்கத்தில் அது ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. சைக்கிளை மக்கள் வெறுத்துவிட்டார்களா? இல்லை. சாலையைக் காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ரயிலுக்கும் அதே கதிதான். 1963இல் பீச்சிங் என்பவர் தந்த அறிக்கை, லாபமில்லை என்று சொல்லி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களையும் ஆயிரக்கணக்கான மைல் இருப்புப் பாதையையும் மூடச் சொன்னது. அப்போது போக்குவரத்து மந்திரியாக இருந்தவர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ். அவர் யார்? சாலை போடும் காண்டிராக்ட் கம்பெனி ஒன்றை நிறுவியவர்களில் ஒருவர். மந்திரியான பிறகு, பார்லிமெண்டில் கூச்சல் கிளம்பிய பிறகுதான் தம் பங்குகளை விற்றார். வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அப்படிக் கைவிடப்பட்ட பாதைகளில் ஒன்று பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையிலே கிடந்தது. 1966இல் அதில் பிரயாணி ரயில் நின்றது. பிறகு தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். புதர் மண்டியது. 1977இல் பிரிஸ்டல் நகரத்தில் சிலர் கூடி ஒரு சைக்கிள் சங்கம் ஆரம்பித்தார்கள். 1979இல் மண்வெட்டியும் கூடையுமாக அந்த ரயில் மேட்டில் இறங்கினார்கள். சர்க்கார் போட்ட பாதையல்ல அது; தொண்டர்கள் விடுமுறை நாளில் போட்ட பாதை. 13 மைல் நீளம் முழுவதும் 1986இல் முடிந்தது. அந்தச் சங்கமே பிறகு சஸ்டிரான்ஸ் என்ற தர்ம ஸ்தாபனமாக வளர்ந்து, தேசிய வலையை உண்டாக்கியது. 2025இல் அது தன் பெயரை வாக் வீல் சைக்கிள் டிரஸ்ட் என்று மாற்றிக்கொண்டிருக்கிறது.

1980களில் வேறு பல இடங்களிலும் இப்படிப் பாதை போட்டார்கள். மண் வெட்டியவர்களில் பலர் வேலையில்லாத் தொழிலாளர்கள். வேலையின்மைக்கென்று சர்க்கார் நடத்திய தற்காலிகத் திட்டங்களின் கூலியில் வேலை செய்தவர்கள். ஆலையை மூடியவனும் அதே சர்க்கார், மூடிய ஆலையின் ரயில் பாதையில் சரளை கொட்டக் கூப்பிட்டவனும் அதே சர்க்கார்! வடகிழக்கே கான்செட் என்ற ஊரில் 1980இல் உருக்காலை மூடப்பட்டது. சுமார் 3,700 பேர் தெருவில் நின்றார்கள். அந்த ஆலைக்குக் கனிமங்களைச் சுமந்துவந்த ரயில் பாதைகளில் இன்று சைக்கிள் போகிறது. ஊருக்கு அருகே 1858இல் கட்டிய பிரம்மாண்டமான செங்கல் பாலம் ஒன்று இருக்கிறது. மேல் கரையிலிருந்து கீழ்க் கரைக்கு 140 மைல் மிதித்துச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. உழைப்பாளிக்கும் உல்லாசம் வேண்டியதுதான். ஆனால் கான்செட்டில் வேலைக்குப் போகிற பாதைதான் உல்லாசப் பாதையானது என்பதை நாம் மறக்க முடியாது.

1995இல் பெரும் பணம் வந்தது. 4 கோடி பவுனுக்கும் மேல். எங்கிருந்து? சாலை நிதியிலிருந்தா? இல்லை, தேசிய லாட்டரியிலிருந்து! காருக்குச் சாலை போட வரிப்பணம்; சைக்கிளுக்குப் பாதை போட, ஏழை எளியவர் அதிர்ஷ்டத்தை நம்பி வாங்கிய சீட்டுப் பணம். அதை வைத்துக்கொண்டு 2000இல் 5,000 மைல் திறந்துவைத்தார்கள். தர்ம ஸ்தாபனத்துக்கு நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் ஏது? நிலச் சொந்தக்காரனிடமும் ஊர் நிர்வாகத்திடமும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கொடுத்த இடத்தில் பாதை. கொடுக்காத இடத்தில் சுற்றுவழி, அல்லது லாரி போகும் சாலை. வரைபடத்தில் மட்டும் கோடு அறுபடாமல் ஓடியது.

2018இல் அந்த ஸ்தாபனமே முழு வலையையும் அளந்து பார்த்தது. 42 சதவிகிதம் மோசம், 4 சதவிகிதம் மிக மோசம் என்று தானே அச்சிட்டு வெளியிட்டது. வழியில் 16,000க்கும் மேற்பட்ட தடைகள்: மோட்டார் சைக்கிள் நுழையக் கூடாதென்று வைத்த இரும்புக் கதவுகளும் குறுக்குக் கம்பிகளும். மோட்டார் சைக்கிளை அவை தடுத்தனவோ என்னவோ, மூன்று சக்கர வண்டியையும், கை கால் வழங்காதவரின் சக்கர நாற்காலியையும், சுமை ஏற்றிய சைக்கிளையும் தடுத்தன. 2020இல் வலையில் ஏறத்தாழ கால் பங்கை, 3,733 மைலை, தேசியப் பாதைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். அதில் 753 மைலை அடியோடு கைவிட்டார்கள். மீதியைப் பழகியவர்கள் மட்டும் போகக்கூடிய வழி என்று தனியே ஒதுக்கினார்கள். தன் தவற்றைத் தானே அளந்து சொன்ன நாணயத்தை நாம் மெச்சுகிறோம். எந்த சர்க்கார் தான் போட்ட கோட்டைத் தானே அழித்திருக்கிறது?

இங்கே பெல்ஜியம் நாட்டுச் சங்கதி ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டனுக்கு லாட்டரிப் பணம் கிடைத்த அதே 1995இல், லிம்பர்க் என்ற நிலக்கரி மாகாணத்தில் வேறு விதமான வலை ஒன்றைத் திறந்தார்கள். அங்கே கடைசிச் சுரங்கம் 1992இல்தான் மூடியிருந்தது. ஹியூகோ போலன் என்ற சுரங்க எஞ்சினீயர் யோசித்தார்: பூமிக்கடியில் இருட்டிலே, குறுக்கும் நெடுக்குமாகப் போகும் சுரங்க வழிகளில், சந்திப்புக்குச் சந்திப்பு எண் இருந்ததால்தானே வழி தெரிந்தது? அதையே தரைக்கு மேலே கொண்டுவந்தார். நீண்ட பாதைக்குப் பெயர் வைக்காமல், பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் எண் கொடுத்தார். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்பதைப் போகிறவனே தீர்மானித்துக்கொள்ளலாம். பின்னர் ஹாலந்தும் அதை எடுத்துக்கொண்டது. அங்கேயும் உல்லாசத்துக்கே அதிகம் பயன்படுகிறது என்பது உண்மை. ஆனாலும் வலை என்றால் முடிச்சுகள்தான், நீண்ட நூல் அல்ல என்பதைச் சுரங்கத்தின் அனுபவம் கண்டுகொண்டது.

சரி, மில் தோழரின் கேள்விக்கு வருவோம். பிரிஸ்டல் பாதை வேலைக்குப் போகிறது. காலையிலும் மாலையிலும் அதில் கூட்டம். காரணம் எளிது: ரயில் எங்கே ஆட்களை இறக்கியதோ அங்கேயே அதுவும் போகிறது, இரண்டு முனையும் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, இடையிலே குடியிருப்புகள். 2008இல் அதில் ஒரு பகுதியைப் பஸ் பாதையாக்க யோசனை கிளம்பியது. ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். யோசனை கைவிடப்பட்டது. நாம் பஸ்ஸுக்கு விரோதியல்ல. பஸ்ஸுக்கு இடம் வேண்டுமானால் காரிடமிருந்து எடுக்கட்டும். ஆனால் 1ஆம் எண் பாதையின் பக்கத்திலேயே குடியிருந்தாலும், அதிலிருந்து ஆலை வாசலுக்குப் போகும் கடைசி ஒரு மைல் லாரிச் சாலையாக இருந்தால், தொழிலாளிக்கு ஷெட்லாண்டு தீவு வரை வழி திறந்திருந்து என்ன பயன்? நெடும்பாதைக்கு மந்திரி வந்து ரிப்பன் வெட்டுகிறார். உள்ளூர்ப் பாதைக்கு விளக்குப் போடக்கூட ஊர் நிர்வாகத்திடம் மனுவோடு நிற்க வேண்டியிருக்கிறது. முதலில் ஊருக்குள்ளே போடு, பிறகு ஊர்களை இணை என்பதே நம் கட்சி.

2018 அறிக்கையில் ஓர் அளவுகோல் சொல்லியிருக்கிறார்கள், நமக்குப் பிடித்திருக்கிறது. விவரமுள்ள 12 வயதுப் பிள்ளை தனியாக ஓட்டிப்போக முடிந்தால்தான் அது பாதை. வலை முழுவதையும் அந்த நிலைக்குக் கொண்டுவர 2040 என்று கெடு வைத்திருக்கிறார்கள். 2018இல் 12 வயதாயிருந்த பிள்ளைக்கு அப்போது 34 வயது ஆகியிருக்கும்.