கம்பியைத் தளர்த்துமுன் ஒரு வார்த்தை

1965-ல் பர்மிங்ஹாமில் உலோகத் தகடு தொழிற்சாலை ஒன்றில், 17 வயது இளைஞன் ஒருவனின் வலது கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரம் பறித்துக்கொண்டது. அந்த வேலையில் அவனுக்கு அதுதான் கடைசி நாள். இடது கைப் பழக்கக்காரன் என்பதால், கிதாரின் கழுத்தில் தந்திகளை அழுத்தவேண்டியது அந்த வலது கைதான். கிதாரை மறந்துவிடு என்றார்கள் டாக்டர்கள். அவன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டான். மெல்லிய தந்திகளைத் தேடி மாட்டினான். சில ஆண்டுகள் கழித்து அந்தத் தந்திகளையும் தளர்த்தினான். அவன் பெயர் டோனி அயோமி. அவன் வாசித்த குழு பிளாக் சப்பாத்.

கிதாரின் ஆறு தந்திகளுக்கும் ஊரறிந்த சுருதி வரிசை ஒன்று உண்டு: இ, ஏ, டி, ஜி, பி, இ. பாஸ் கிதாரின் நான்கு தந்திகள், இதில் முதல் நான்கை ஒரு ஸ்தாயி கீழே இருந்து திருப்பிச் சொல்கின்றன. பாடப் புத்தகங்கள், விரல் பழக்கம் எல்லாமே இந்த வரிசையை நம்பித்தான் இருக்கின்றன. ஆனாலும் இது வேதவாக்கில்லை என்பது நமக்குப் புரியாத சங்கதியா? ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினின் ஜி, டி, ஏ, இ சுருதியைக் கழற்றிவைத்துவிட்டு, ச, ப, ச, ப என்று மாற்றிக்கொண்டவர்கள்தானே நாம்!

1971-ல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாடல்களில் அயோமி ஆறு தந்திகளையும் மூன்று அரைச்சுரம் இறக்கினார். நம் பாடகர்கள் கணக்கில், மூன்று கட்டையில் இருந்த தடித்த தந்தி ஒன்றரைக் கட்டைக்கு வந்தது. இவ்வளவு இறக்கினால் தந்தியின் விறைப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். அடிபட்ட விரலுக்கு நிம்மதி. கூடவே இசையில் ஒரு கனமும் இருட்டும் வந்து சேர்ந்தன. பின்னால் வந்த ஹெவி மெட்டல் குழுக்கள் பல அந்த இருட்டிலேயே குடியேறின.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஆள், பாஸ் வாசித்த கீஸர் பட்லர். அவரும் தன் தந்திகளை அதே அளவு இறக்கினார். இறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிதாரின் அடித் தந்தி சி ஷார்ப்பில் முழங்கும்போது, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே பாஸில் சுரமே இருந்திருக்காது. வேறு வழியின்றி கிதார் நிற்கும் படியிலேயே பாஸும் வந்து நிற்கும். வீட்டுக்குத் தளம் இல்லாமல் போய்விடும்.

பாஸ்காரருக்கு இது இலவசமும் அல்ல. வழக்கமான சுருதியில் அவருடைய அடித் தந்தி வினாடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. மூன்று அரைச்சுரம் இறக்கினால் சுமார் 35. தொளதொளத்த தடித் தந்தி, ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கும், சுரம் கலங்கும். இன்னும் தடித்த தந்தி மாட்ட வேண்டும். இல்லையென்றால், கீழே ஒரு 'பி' தந்தி கூடுதலாக உள்ள ஐந்து தந்தி பாஸ் வாங்க வேண்டும். கிதார்காரர் நொடியில் திருகிவிடுவதற்கு, பக்கத்தில் நிற்பவர் கடைக்குப் போகவேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், 1960-களின் இறுதியில் 'ஓப்பன் ஜி' என்ற சுருதிக்கு மாறினார். விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி மேஜர் ஒலிக்கும் ஏற்பாடு அது. அதோடு, குறுக்கே நின்ற ஆறாவது தந்தியைக் கழற்றியே விட்டார். கீழ்ப்பகுதி முழுவதும் பாஸுக்கு என்று ஆனது. ஒதுங்கி இடம் விடுவதும் கூட்டு வாசிப்பில் ஒரு மரியாதைதான்.

கனடாவின் ஜோனி மிட்செல் கதை வேறு. ஒன்பது வயதில் வந்த போலியோ அவருடைய இடது கையைப் பலவீனமாக்கியது. கை கிதாருக்கு வளையாததால், கிதாரைக் கைக்கு வளைத்தார். அவர் கையாண்ட சுருதி வரிசைகள் ஐம்பதுக்கும் மேல். அதில் பிறந்த விநோதமான கார்டுகளுக்கு, அடிச்சுரத்திலேயே உட்கார்ந்திருக்கும் வழக்கமான பாஸ் அவருக்கு ருசிக்கவில்லை. 1976-ன் 'ஹெஜிரா'வில் ஜேக்கோ பாஸ்டோரியஸ் வந்தார். ஃப்ரெட்டே இல்லாத அவருடைய பாஸ், குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குரலாகப் பாடியது. மாற்றிய சுருதிக்கேற்ற கூட்டாளியும் வேண்டியிருக்கிறது.

ஷில்லாங், பெங்களூர், சென்னை என்று நம் கல்லூரி ராக் குழுக்களுக்கு மிகவும் பிடித்தது 'டிராப் டி'. அடித் தந்தியை மட்டும் இ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் போதும். கீழ் மூன்று தந்திகளும் டி, ஏ, டி ஆகிவிடும். அதாவது ச, ப, ச. ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்தால் கர்ஜனை தயார். சுலபம் என்பதுதான் இதில் ஆபத்து. கிதார்காரர் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு ஒத்திகைக்கு வருவார். பாஸ்காரர் தடுமாறுவார். இரண்டு பாட்டுக்கு நடுவே திருகிக்கொண்டே நிற்கும் குழுவைப் பார்த்துச் சபை கொட்டாவி விடும்.

நம் கச்சேரி மேடையைப் பாருங்கள். பாடகரின் கட்டைக்குத் தம்புரா இசைகிறது, வயலின் இசைகிறது. மிருதங்க வித்வான் ஆண் குரலுக்கு ஒன்று, பெண் குரலுக்கு ஒன்று என வேறு வேறு மிருதங்கங்கள் வைத்திருக்கிறார். இதை யாரும் தோல்வியாக நினைப்பதில்லை. கிதார் குழுவிலும் பாடுகிறவரின் குரல்தான் முதல் கேள்வி. உச்சியில் குரல் பிசிறுகிறதா? எல்லோரும் சேர்ந்தே அரைச்சுரம் இறங்கலாம்.

திருகாணியைத் தொடுவதற்கு முன்னால் பாஸ் வாசிப்பவரைப் பார்த்து, "இறக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டால், கொடுங்கள்.